ஒரு ரத்தப் பரிசோதனையும் பேக்கரிக் கண்ணாடியும்

வலி வந்தால் இனியா கட்டில் சட்டத்தைக் கடிப்பாள். எங்கள் வீட்டு வேப்பங்கட்டிலில் அவள் பல் தடம் இன்னும் இருக்கிறது. கட்டில் கால் ஆட்டம் கண்டபோது சரிபார்க்க வந்த ஆசாரி, அந்த இடத்தையும் இழைத்துச் சுத்தமாக்கித் தரட்டுமா என்று கேட்டார். இழைப்புளியை அதன்மேல் வைத்தால் நடக்கிறதே வேறு என்றேன். நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் சிரிக்கவில்லை.

என் பெயர் செல்வி. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் தக்காளியும் முள்ளங்கியும் போடுகிற குடும்பம். பி.ஏ. தமிழ் படித்துவிட்டுத் தக்காளி பறிக்கிறேன். படித்த படிப்பு எனக்கு வாயை மட்டும் கொடுத்தது என்று என் வீட்டுக்காரர் மாதேஷ் சொல்வார். அது உண்மைதான், எனக்குக் கோபமும் வரும், வாயும் நீளும். இனியா எங்கள் ஒரே மகள், ஏழாவது படிக்கிறாள். அவள் தேறி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவள் இல்லாத பகலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். குழந்தைக்கு வயிற்றுவலி என்று எங்கள் பக்கத்தில் வாயைத் திறந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அதில் மாட்டிக்கொண்டு நிற்கிற இன்னொரு தாய்க்கு இது பயன்படட்டும்.

முதலில் அவள் வளரவில்லை. போன வருஷத்துச் சீருடை இந்த வருஷம் இறுகியிருக்க வேண்டும், ஆனால் தொளதொளவென்று தொங்கியது. வாய்க்குள் புண். முட்டி வலி. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் தொப்புளுக்கு வலதுபக்கம் கையை வைத்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். சாப்பாட்டுக்கு அடம், பள்ளிக்கூடத்துக்குப் போகாமலிருக்க நடிப்பு என்று சொன்னவர்கள் உண்டு. ஒரு நாள் அவள் போய்விட்டு வந்த கழிப்பறைக்குள் நான் நுழைந்தேன். தண்ணீர் ஊற்றியும் போகாமல் தரையில் ரத்தம் இழுபட்டிருந்தது. வெளியே வந்து பார்த்தால் அவள் கொடிக்கம்பியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். கம்பியை விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மாதேஷ் அவளை இண்டூர் பக்கம் ஒருவரிடம் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போக வேண்டும் என்றார். தொக்கம் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தின்ற சோறோ முடியோ குடலில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது என்று சொல்லி, வயிற்றை அமுக்கிப் பிசைந்து வாய்வழியாக அதை எடுத்துக் காட்டுவார்கள். யாராவது ஆகாதவர்கள் சோற்றில் மருந்து வைத்திருந்தால் அதையும் எடுப்பார்களாம். நான் வேண்டாம் என்று கத்தினேன். எடுக்கப்போவது கொஞ்ச நேரம்தானே, அதற்கப்புறம் நீ சொல்கிற டாக்டரிடம் போகலாம் என்றார். சரி, போய்த் தொலையட்டும் என்று நானும் கூடப் போனேன்.

அந்த ஆள் இனியாவைப் பாயில் படுக்க வைத்துத் தொடைமேல் உட்கார்ந்துகொண்டான். இரண்டு கட்டைவிரலையும் தொப்புளுக்குப் பக்கத்தில் ஊன்றி, மாவு பிசைகிற மாதிரி உள்ளே தள்ளித் தள்ளி உருட்டினான். எங்கே வலிக்கிறது என்று அவள் கத்தினாளோ அங்கேயே அழுத்தினான். அவள் கத்தின கத்தலுக்குப் பக்கத்து வயலில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கடைசியில் வாந்தி எடுத்தாள். பித்தளைத் தட்டில் விழுந்த வாந்தியைத் துழாவி முடிச்சுருண்டை ஒன்றை எடுத்துக் காட்டினான். அது அவன் விரலிடுக்கில் இருந்து வந்ததை நான் பார்த்தேன். மாதேஷ் பார்க்கவில்லை, அவர் பார்க்க விரும்பவும் இல்லை.

"மருந்துதாங்க வெச்சிருக்காங்க. வேத்தாளு இல்ல, ரத்த சொந்தம்" என்றான் அவன்.

நான் தட்டை ஒரு உதை விட்டேன். அது எதிர்ச் சுவரில் மோதி அவன் வேட்டிமேலேயே கவிழ்ந்தது. இனியாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஏழாவது படிக்கிற பெண், தூக்குகிறபோது கனமே இல்லை.

மறுநாள் காலையில் பல் விளக்கப் போனவள் தொட்டிக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தாள். பாவாடையெல்லாம் ரத்தம். டவுனில் ஒரு டாக்டரிடம் ஓடினோம். அவர் நேர்மையான மனுஷர். குடலில் காசநோயாக இருக்கலாம், வேறு மாதிரியும் இருக்கலாம், இரண்டுக்கும் வைத்தியம் எதிரும் புதிருமாக இருக்கும், தெரியாமல் மாத்திரை கொடுக்க மாட்டேன் என்றார். சேலத்தில் குழந்தைகளின் குடலுக்கென்றே ஒரு டாக்டரம்மா இருப்பதாகச் சொல்லிச் சீட்டு எழுதிக்கொடுத்தார். அன்றைக்கே கிளம்பினோம்.

மருத்துவமனை என்றால் அமைதியான இடம் என்று நினைப்பவர்கள் குழந்தைகள் வார்டுக்கு ஒரு தடவை போய்விட்டு வரட்டும். இனியாவுக்கு நரம்பு கிடைக்கவில்லை. ரத்தம் குறைந்து நரம்பெல்லாம் உள்ளே போய்விட்டது என்றார்கள். வலது கையில் குத்தினார்கள், இடது கையில் குத்தினார்கள், புறங்காலில் குத்தினார்கள். அவள் எட்டி உதைத்ததில் டிரே பறந்தது. ஒரு நர்ஸ் அவள் தோளைப் பிடித்துக்கொள்ள, நான் அவள் காலின் குறுக்கே விழுந்து படுத்தேன். என் சொந்தக் குழந்தையை என் முழு எடையையும் போட்டு அமுக்கிப் பிடித்திருந்தேன். அவள் என் தோளைக் கடித்தாள். கட்டிலைக் கடித்த அதே பல். விடவில்லை, நானும் விடவில்லை. ஊசி ஏறின பிறகு அந்த நர்ஸ் என் தோளுக்கு மருந்து போட்டுவிட்டு, "நல்ல பல்லுங்க" என்றாள். அந்த வாரத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நிறுத்தி நிதானமாகப் பேசுவார். குடலில் தீராத வீக்கமும் புண்ணும் வருகிற நோய்கள் இரண்டு உண்டு என்றார். ஒன்று குரோன்ஸ், வாயிலிருந்து ஆசனவாய்வரை எங்கே வேண்டுமானாலும் வரும், குடல் சுவரை ஆழமாக அரிக்கும். இன்னொன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலின் உள்தோலில் மட்டும் வரும். குழந்தைகளுக்கும் வரும், வந்தால் வளர்ச்சியையே நிறுத்திவிடும். கிருமி வந்து தாக்குவது இல்லை. உடம்பைக் காப்பதற்கென்று இருக்கிற காவல் படையே குழம்பிப்போய் சொந்தக் குடலைப் போட்டு அடிக்கிறது. ஏன் என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது.

ரத்தம் எடுத்தார்கள், மலம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் பார்த்தார்கள். சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் குடல் தடித்துச் சுருங்கிக் கிடந்தது. அந்த இடம் அடைத்துக்கொள்ளலாம், ஓட்டையும் விழலாம், சீக்கிரம் முடிவுக்கு வர வேண்டும் என்றார். மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டுப் பார்க்கிற ஸ்கோப்புக்கு முன்னால் இன்னொரு ரத்தப் பரிசோதனையும் பெங்களூருக்கு அனுப்பினார். அதை எனக்கு அவர் விளக்கிய விதத்தை நான் மறக்க மாட்டேன்.

உடம்புக்கு ஆகாத ஒன்று உள்ளே வந்தால் ரத்தம் அதை அடிக்க ஆள் தயார் செய்யும். அந்த அடியாளுக்குப் பேர் ஆன்டிபாடி. ஒவ்வொரு அடியாளும் ஒருத்தனை மட்டும் அடையாளம் வைத்துத் தேடுவான். ரத்தத்தில் எந்த அடியாள் சுற்றுகிறான் என்று பார்த்தால், சண்டை எந்த மாதிரி என்று ஓரளவு ஊகிக்கலாம். ஆஸ்கா என்று ஒருவன். ரொட்டி, பன் உப்புவதற்குப் போடுகிற ஈஸ்ட்டுக்கு எதிரானவன். குரோன்ஸ் இருக்கிற குழந்தைகளிடம் இவனைப் பார்க்கலாம். பி-ஆன்கா என்று இன்னொருவன். இவன் உடம்பின் சொந்த வெள்ளை அணுக்களுக்கே எதிரி. கொலைட்டிஸ் இருக்கிறவர்களிடம் இவன் அதிகம்.

"அப்ப இது வந்தா நோய் உறுதிங்களா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. நோய் இருந்தும் இது வராத குழந்தைங்க இருக்காங்க. காசநோய் இருக்கிறவங்களுக்கும் இது வரலாம். வயல்ல காலையில பன்னி தடம் பார்க்கறீங்கல்ல, அது மாதிரி. ஏதோ வந்துட்டுப் போயிருக்குன்னு தெரியும். எது, எத்தனைன்னு நேர்ல பார்த்தாத்தான் தெரியும்."

எனக்குப் புரிந்தது. எங்கள் வயலில் பன்றி இறங்காத வருஷம் இல்லை.

பெங்களூர் முடிவு வருகிறவரை காத்திருப்புக் கூடத்து இரும்பு நாற்காலியில் நானும் மாதேஷும் மாறி மாறிக் கிடந்தோம். குறையொன்றும் சொல்லக்கூடாது, அந்த நாட்களில் அவர் தங்கமாக இருந்தார். இனியாவின் துணியை அவர்தான் அலசினார். ரத்தம் படிந்ததை என்னைத் தொட விடவில்லை. எதிர்க்கடையில் நான் சாப்பிடுகிறேனா என்று வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் மேலே போவார். காப்பீட்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாக அலைந்தார். ஆனால் அவர் சட்டைப்பையில் இண்டூர் ஆள் கொடுத்த எந்திரத் தகடு இருந்தது. துவைக்க எடுத்தபோது பார்த்தேன். ரத்த சொந்தம் என்ற அந்த வார்த்தை அவருக்குள் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

ரத்த சொந்தம் என்றால் எங்களுக்கு ஒருவர்தான். மாதேஷின் அண்ணன் பெருமாள். பாகம் பிரித்தபோது கிணறு யார் பக்கம் என்று ஆரம்பித்த சண்டையில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். பெருமாள் மாமா தன் பங்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் பேக்கரி வைத்தார். அவர் மனைவி சாந்தி அக்கா கல்லாவில் இருப்பார், மாமா உள்ளே அடுப்பில் நிற்பார். எதிரில்தான் இனியா பள்ளிக்கூடம் விட்டு வந்து ஊர் பஸ்ஸுக்கு நிற்பாள். அந்தப் பக்கம் கால் வைக்கக்கூடாது என்று அப்பாவின் கட்டளை.

முடிவு வந்தது. டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். ஆஸ்கா நன்றாக ஏறியிருக்கிறது. பி-ஆன்கா இல்லை. குரோன்ஸ் பக்கம் சாய்கிறது, ஆனாலும் காசநோய் இல்லை என்று இதைவைத்து எழுதிக்கொடுக்க முடியாது, நாளை மறுநாள் ஸ்கோப் செய்து குடல் சதையைக் கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பார்த்தால்தான் மருந்தை ஆரம்பிக்கலாம். தவறான மருந்து கொடுத்தால் இருக்கிற நோய் பொங்கிவிடும் என்றார். ஈஸ்ட் இதற்குக் காரணம் இல்லை, குடல் சுவர் புண்ணானதால் உள்ளே இருப்பது கசிந்து ரத்தத்துக்குத் தெரிய வந்திருக்கிறது, இது அடையாளம் மட்டும்தான் என்று இரண்டு தடவை சொன்னார்.

மாதேஷ் கேட்டது ஒன்றே ஒன்று. "ஈஸ்ட்டுன்னா பேக்கரியில போடுறதுங்களா?"

ஆமாம் என்றார் அவர். அதற்கப்புறம் சொன்ன எதுவும் மாதேஷின் காதில் ஏறவில்லை.

வார்டுக்குத் திரும்பி வந்து கட்டில் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மகளின் தலையைத் தடவினார். அவர் குரல் அவ்வளவு இதமாக இருந்து நான் கேட்டதில்லை.

"சாமி, நீ பன்னு கின்னு எங்கியாச்சும் தின்னியாடா? சொல்லு. அப்பா திட்ட மாட்டேன்."

இனியா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "பெரியப்பா குடுப்பாரு. பஸ் வர்ற வரைக்கும். அது ஒண்ணுதாம்ப்பா எனக்கு வலிக்காம எறங்கும்."

அவர் திட்டவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவள் நெற்றியில் முத்தம் வைத்துவிட்டு, தக்காளிக்குத் தண்ணீர் விட்டுவிட்டுக் காலையில் வந்துவிடுகிறேன் என்று கிளம்பினார். அப்பா திட்டவில்லை என்று அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். எனக்கும் உறைக்கவில்லை. மனுஷன் போய்க் குளித்துவிட்டு வரட்டும் என்றுதான் நினைத்தேன்.

சேலத்தில் பஸ் ஏறி, தர்மபுரியில் மாறி, பாலக்கோடு வழியாக மாரண்டஹள்ளி போக வேண்டும். அன்றைக்கு தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து பஸ்ஸெல்லாம் நின்றிருக்கிறது. அவ்வளவு நேரத்திலும் அவர் கோபம் இறங்கவில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் நேராகப் பேக்கரிதான். கடை ஷட்டரை இழுக்கிற கொக்கிக் கம்பி வாசலில் சாத்தியிருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "எம் புள்ளைக்கு என்னடா வெச்சே" என்று கேட்டிருக்கிறார். அண்ணனை அவர் டா போட்டது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

மாமா அப்போது பன் தட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். பதில் சொல்ல நிமிர்வதற்குள் கம்பி கண்ணாடியில் இறங்கிவிட்டது. இரண்டாவது அடி மாமாவின் தோளில். மூன்றாவது அடியைத் தடுக்கக் கையைத் தூக்கியவர் உடைந்த பெட்டிமேலேயே சாய்ந்தார். மேலே தொங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய கண்ணாடித் துண்டு நழுவி, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சதையைப் பிளந்துகொண்டு இறங்கியது. சுடச்சுட இருந்த பன்மேலெல்லாம் ரத்தம். பஸ்ஸுக்கு நின்ற பள்ளிப் பிள்ளைகள் அலறி ஓடியிருக்கிறார்கள். தக்காளி மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேர் ஓடிவந்து மாதேஷைக் கீழே தள்ளி மிதித்து, தக்காளிக் கிரேடுப் பெட்டி கட்டுகிற கயிற்றால் கரண்ட் கம்பத்தில் கட்டிவிட்டார்கள். போலீஸ் வந்து அவிழ்க்கிறவரை அவர் மருந்து, மருந்து என்றே கத்திக்கொண்டிருந்தாராம்.

இதெல்லாம் சாந்தி அக்கா போனில் சொன்னது. அவர் அழவில்லை. "உம் புருசன் எங்க ஆள வெட்டிப்புட்டான் செல்வி. ரத்தம் நிக்கல, தர்மபுரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டு இருக்கோம். நாங்க என்ன மருந்து வெச்சோம்னு கேட்டுச் சொல்லு" என்று சொல்லி வைத்துவிட்டார். என் போனில் காதில் வைத்து மெதுவாகக் கேட்கிற வசதி எப்போதோ போய்விட்டது, ஸ்பீக்கரில்தான் பேசும். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கட்டிலில் இருந்த இனியாவுக்கும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து யாரோ ஒருவரின் போனில் மாதேஷ் கூப்பிட்டார். வாய் வீங்கிக் குழறினார். ஸ்கோப் வேண்டாம், காரணம்தான் தெரிந்துபோயிற்றே, மருந்தை முறிக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், புள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்றார். நான் அவரைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. கடைசியில், நீ உள்ளேயே கிட, புள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அவரை நான் நீ என்று சொன்னதும் அதுதான் முதல் தடவை. போய்ச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் கையெழுத்தால் மட்டும் ஸ்கோப் நடந்துவிடாது. முந்தின நாளே குடலைக் காலி செய்ய வேண்டும். அதற்கு ஒரு மருந்துத் தண்ணீர் உண்டு, உப்பும் இனிப்புமாக வழவழவென்று இருக்கும். பெரிய ஜாடி நிறையக் குடிக்க வேண்டும். குடித்துக் குடித்து வெறும் தண்ணீராகப் போனால்தான் குழாயில் புண் தெரியும். மறுநாள் இனியா முதல் டம்ளரை வாங்கி என் நெஞ்சில் ஊற்றினாள். இரண்டாவதைத் தட்டிவிட்டாள். மூன்றாவதை வாயில் வைத்த நர்ஸின் முகத்திலேயே துப்பினாள். மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஊற்றலாம் என்று வந்தபோது, கையில் ஏறியிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். படுக்கையெல்லாம் ரத்தம் தெறித்தது.

"நான் தின்னதுக்குத்தான பெரியப்பாவ அடிச்சாரு. நான் சொன்னதுக்குத்தான. இனிமே என் வாயில எதுவும் போடாதீங்க."

எனக்குக் கை ஓங்கிவிட்டது. ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. எதிர்க் கட்டிலில் இருந்த அம்மா வந்து என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துப்போனார். நாளைக்கு நடக்காவிட்டால் டாக்டரம்மா ஊருக்குப் போய்விட்டு அடுத்த வாரம்தான் வருவார். அந்தக் குடல் அடுத்த வாரம்வரை தாங்கும் என்று யாரும் எனக்கு எழுதிக்கொடுக்கவில்லை. வராந்தாச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். பிறகு மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு, எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறது என்று தெரியாமலே சாந்தி அக்காவுக்குப் போன் போட்டேன்.

திட்ட மாட்டேன் என்று மாதேஷ் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லி, இனியா குடிக்க மாட்டேன் என்கிறாள், மாமா ஒரு வார்த்தை சொன்னால் குடிப்பாள் என்றேன். அக்கா போனை வைத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் போனையே எடுத்திருக்க மாட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அதே எண்ணிலிருந்து அழைப்பு. மாமா குரல். வலிக்குப் போட்ட ஊசியின் மயக்கம் இன்னும் தெளியாமல் இழுத்து இழுத்துப் பேசினார். போனை இனியாவின் மடியில் வைத்தேன்.

"பாப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன். கையில துணி சுத்தியிருக்கு, வேற ஒண்ணுமில்ல. நீ அந்தத் தண்ணியக் குடி."

அவள் போனை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"நீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் போன வெக்க மாட்டேன். உங்க பெரியம்மா பக்கத்துல நின்னு மொறைக்கிறா, சீக்கிரம் குடி."

ஒரு டம்ளருக்கும் அடுத்த டம்ளருக்கும் நடுவில் அந்தப் பக்கமிருந்து, எவ்வளவு ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாந்தி எடுத்தாள், மறுபடி குடித்தாள். ஜாடி காலியானபோது அந்தப் பக்கம் மாமாவின் குறட்டைதான் கேட்டது. அவள் போனை அணைக்க விடவில்லை.

ஸ்கோப்பில் கண்டதை டாக்டரம்மா படமாகக் காட்டினார். என் மகளின் குடலா அது. மழைக்குப் பிறகு மாடு மிதித்துப்போட்ட சேற்று வரப்பு மாதிரி மேடும் பள்ளமும், பள்ளமெல்லாம் வெள்ளையாகச் சீழ். கிள்ளி எடுத்த சதையில் காசநோய்க் கிருமியைத் தேடினார்கள், இல்லை. குரோன்ஸ்தான் என்று உறுதியானது. பெயர் தெரிந்ததில் எனக்கு வந்தது நிம்மதிதான். பெயர் இல்லாத எதிரியோடு எத்தனை நாள் மல்லுக்கட்டுவது?

பெருமாள் மாமா ஸ்டேஷனில், தம்பி பேச வந்தான், கைதவறிக் கண்ணாடி உடைந்தது என்று எழுதிக்கொடுத்துவிட்டார். போலீஸ்காரர்கள் நம்பவில்லை, ஆனாலும் விட்டுவிட்டார்கள். மாதேஷ் வீங்கின முகமும் கிழிந்த உதடுமாக வார்டு வாசலில் வந்து நின்றபோது, நர்ஸ் அவரைத் தடுத்து, பெரியவர்கள் வார்டு கீழே இருக்கிறது என்றாள். நான் அவரை நேராக டாக்டரம்மா அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். உட்காரச் சொல்லவும் விடவில்லை.

டாக்டரம்மா நடந்ததை முழுதாகக் கேட்டார். பிறகு மாதேஷைப் பார்த்து, "நான் இன்னும் தெளிவா சொல்லியிருக்கணும்" என்றார். ஈஸ்ட் இல்லாத வீடு கிடையாது, இட்லி மாவு புளிப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு, திராட்சைத் தோலில்கூட ஒட்டிக்கொண்டிருக்கும், யாரும் வைக்காமலே எல்லார் வயிற்றுக்கும் போகிறது என்றார்.

"அப்ப எங்க வூட்டு கிரைண்டரையும் போய் ஒடைக்கிறியா?" என்று நான் கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தபடி நின்றார். அந்த அறையில்தான் அவர் முதல்முதலாக அழுதார். நான் தேற்றவில்லை.

வைத்தியம் விசித்திரமானது. வாரக்கணக்கில் சோறு கிடையாது, குழம்பு கிடையாது, பிஸ்கட்கூடக் கிடையாது. டப்பாவில் வருகிற ஒரு சத்துமாவைத் தண்ணீரில் கரைத்து அதை மட்டுமே குடிக்க வேண்டும். குழந்தைகளின் குரோன்ஸில் இதுவே புண்ணை ஆற்றும், ஆற்றுகிற காலத்தில் வளர்த்தியும் கொடுக்கும் என்றார்கள். அதற்குப் பிறகும் அந்தக் காவல் படையை அடக்கி வைக்க நாள் தவறாமல் மாத்திரை உண்டு. முழுசாகப் போகிற நோய் இல்லை, அடக்கி வைக்கிற நோய். இதைத் தாய்மார்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

வீட்டில் தாளிக்கிற வாசனை அவளுக்கு எட்டக்கூடாது என்று மோட்டார் ரூமில் அடுப்பு வைத்துச் சமைத்தேன். மாதேஷ் காலையில் அவளோடு உட்கார்ந்து அதே மாவைக் கரைத்து ஒரு டம்ளர் குடிப்பார். முகத்தைச் சுளிக்காமல் குடிக்கப் பார்ப்பார், முடியாது. அவள் அவரோடு பேசவில்லை. கேட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். அவள் எடை ஏற ஏற அவர் இளைத்துக்கொண்டு வந்தார். அண்ணன் கடைப்பக்கம் போகவும் தைரியம் இல்லை. கண்ணாடிக்கு ஆள் மூலம் பணம் அனுப்பினார். சாந்தி அக்கா அதே ஆளிடம் திருப்பி அனுப்பிவிட்டார்.

புண் ஆறிவிட்டது, இனி ஒவ்வொன்றாகச் சாப்பாட்டை ஆரம்பிக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். கஞ்சி, பிறகு இட்லி, பிறகு பருப்புச் சோறு. ஒவ்வொன்றும் வலிக்காமல் இறங்கியது. அடுத்து என்ன வேண்டும் என்று கேட்டேன். அப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, அவருக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"பெரியப்பா கடை பன்னு."

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். கொடுக்கலாம், பாதியில் ஆரம்பியுங்கள் என்றார்.

மூன்று பேரும் வண்டியில் போனோம். பேக்கரிப் பெட்டியில் ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் இன்னும் அட்டைதான். இனியா வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். மாதேஷ் போய்க் கல்லாவுக்கு முன்னால் நின்றார். பஸ் ஸ்டாண்டே பார்த்துக்கொண்டிருந்தது. அவரைக் கம்பத்தில் கட்டிய மண்டி ஆட்களும் டீ டம்ளரோடு நின்றார்கள்.

சாந்தி அக்கா கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். ஓங்கி ஒரு அறை. மாதேஷ் நிலைதடுமாறி அட்டைப்பெட்டிகள்மேல் சாய்ந்தார். திரும்ப நிமிர்ந்து அதே இடத்தில் நின்றார்.

"இது கண்ணாடிக்கு இல்ல, எங்க ஆளு கைக்கும் இல்ல. திட்ட மாட்டேன்னு சொல்லிப் புள்ள வாயப் புடுங்கின பாரு, அதுக்கு" என்றார் அக்கா.

பெருமாள் மாமா உள்ளேயிருந்து வந்தார். வலது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தழும்பு, இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. அந்தக் கையாலேயே ஒரு பன்னை எடுத்துக் காகிதத்தில் வைத்தார். தம்பியைத் தாண்டி வண்டிவரை நடந்து வந்து இனியாவின் கையில் கொடுத்தார். அவள் அந்தத் தழும்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு வண்டியை விட்டு இறங்கினாள்.

நேராக அப்பாவிடம் போனாள். பன்னை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். வாரக்கணக்கில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"நீ மொதல்ல தின்னு."

அவர் வாங்கினார். கன்னத்தில் ஐந்து விரலும் சிவந்து கிடந்தது. அழுகையோடு மென்றார், அடைத்தது, மறுபடி மென்றார். வார்டில் நர்ஸ்கள் அவளைப் பார்த்த மாதிரியே அவள் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசி வாய் இறங்கியது தெரிந்த பிறகுதான் தன் பாதியைக் கடித்தாள்.